ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன?

நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் கம்பெனிப் பெயருக்கு அருகே, 225/60 ஆர் 17 என்பதுபோல ஓர் எண்வரிசை புடைத்துக்கொண்டிருக்கும். சுபாரு ஃபாரஸ்டர் என்ற ஜப்பானியக் காரில் வரும் டயர் அளவுகளில் இது ஒன்று. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், இதைப் பிரித்துப் பார்ப்போம்.

225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது சதவீதம். டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பதை அகலத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 225-இல் 60 சதவீதம் என்றால் 135 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்றால் ரேடியல் டயர். கடைசியில் உள்ள 17, ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில்! ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், ரிம்மின் விட்டம் 431.8 மில்லிமீட்டர்.

ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர். ஆகவே 431.8-உடன் 135-ஐ இரண்டு முறை கூட்டினால் டயரின் முழு விட்டம் 701.8 மில்லிமீட்டர். அதைப் பை-யால், அதாவது 3.1416-ஆல், பெருக்கினால் சுற்றளவு சுமார் 2,205 மில்லிமீட்டர். சக்கரம் ஒருமுறை உருண்டால் கார் ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 454 சுற்றுகள். ஓடும் டயர் வண்டியின் எடையால் அடியில் சற்றே நசுங்குவதால் உண்மையான எண்ணிக்கை கொஞ்சம் மாறும். நம் கணக்குக்கு இது போதும்.

இனி நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் கார்களுக்கு வருவோம்.

பெரும்பாலான கார்களில் எஞ்சின் இரண்டு சக்கரங்களை மட்டுமே சுழற்றும். மற்ற இரண்டும் சும்மா உருண்டு வரும். பனியிலும் சேற்றிலும் இது போதாது. ஜப்பானின் வடகிழக்கில் உள்ள தோஹோகு பகுதியில் பனிக்காலம் கடுமையானது. அங்குள்ள மின் நிறுவனத்துக்குப் பனிமூடிய மலைப்பாதைகளில் போய் மின்தடங்களைப் பார்த்துவர ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து தொடங்கிய முயற்சி, 1972-இல் நான்கு சக்கர இழுவை கொண்ட சுபாரு லியோன் எஸ்டேட் வேனாக விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு லிவர் உண்டு. வழுக்கும் பாதையில் அதைப் போட்டால் பின்சக்கரங்களுக்கும் சக்தி போகும். காய்ந்த சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஏன் எடுக்க வேண்டும்? நான்கு பேர் கைகோத்து ஒரே வரிசையாக நடந்து, அப்படியே ஒரு முனையில் திரும்பிப் பாருங்கள். உள்பக்கம் இருப்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்புவார். வெளிப்பக்கம் இருப்பவர் ஓட வேண்டியிருக்கும். காரின் சக்கரங்களுக்கும் இதே நிலைதான். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். முன்சக்கரங்களும் பின்சக்கரங்களைவிடப் பெரிய வளைவில் போகும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவைத்தால், ஏதாவது ஒரு சக்கரம் தரையில் வழுக்கித்தான் தீரும். பனியில் வழுக்குவது எளிது. காய்ந்த தாரில் முடியாது. அந்த இறுக்கம் முழுக்க கியர்களின் மேல் விழும்.

இதைத் தீர்க்கும் கருவியின் பெயர் டிஃபரன்ஷியல். 1827-இலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர், நீராவியால் ஓடும் வண்டிக்காக இதை வடிவமைத்துவிட்டார். சக்தியையும் தந்து, இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுகிற அற்புதமான பல்சக்கர அமைப்பு இது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற காரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு டிஃபரன்ஷியல் இருக்கும். முன்னையும் பின்னையும் இணைக்க நடுவில் இன்னொரு அமைப்பும் இருக்கும். அந்த நடு அமைப்புதான் நம் கதையில் முக்கியம்.

சில கார்களில் அது சிலிக்கோன் எண்ணெய்க்குள் மூழ்கிய மெல்லிய தட்டுகளின் அடுக்கு. பாதித் தட்டுகள் முன்சக்கரங்களோடு சேர்ந்தவை, மீதி பின்சக்கரங்களோடு. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்வரை எண்ணெய் அமைதியாக இருக்கும். முன்சக்கரம் பனியில் வழுக்கிச் சுழன்றால் தட்டுகளின் வேகம் வேறுபடும். நடுவே அகப்பட்ட எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகி, தட்டுகளை ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். சக்தி பின்சக்கரங்களுக்குப் பாயும். கார் பனியிலிருந்து வெளியே வந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் சக்கரம் வழுக்குகிறதா, அளவிலேயே வேறுபடுகிறதா என்று அந்த எண்ணெய்க்குத் தெரியாது.

இங்கே ஒரு புதிர். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு கயிறு கட்டுகிறோம். நீளம் சுமார் 40,075 கிலோமீட்டர். அந்தக் கயிறு எல்லா இடத்திலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்ந்து நிற்க வேண்டுமென்றால், எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும்? ஆயிரம் கிலோமீட்டரா? வெறும் 6.28 மீட்டர்தான்! கால்பந்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு மீட்டர் விலக்கினாலும் அதே 6.28 மீட்டர்தான். ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல இரண்டு பை மடங்கு சுற்றளவு கூடும். உருண்டை பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

டயருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ரப்பர் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 6.28 மில்லிமீட்டர் குறையும். நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்று சுபாரு சொல்கிறது. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். அதாவது, தேய்மானத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான் எல்லை!

ஒரு டயர் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் 4 மில்லிமீட்டர் தேய்ந்தவை. அதே எண் எழுதிய, அதே கம்பெனியின் புது டயர் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். பார்வைக்கு நான்கும் ஒன்றுதான். ஆனால் தேய்ந்த டயர் ஒவ்வொன்றும் புது டயரைவிட ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 சுற்று அதிகம் சுழலும். 100 கிலோமீட்டர் பயணத்தில் 500 சுற்றுக்கு மேல். சாலை நேராக இருந்தாலும் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வில்லை. நடுவிலுள்ள தட்டுகளும் வழி முழுக்க உரசியபடியே சூடாகும். சில நொடிகளுக்கான வேலையை மணிக்கணக்கில் செய்தால் எந்த உறுப்பும் கெடும். அதை மாற்ற, டயரின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும்.

ரிம்மைப் பெரிதாக்க விரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 17 அங்குல ரிம்முக்குப் பதில் 18 போட வேண்டுமானால் பக்கச்சுவரைக் குறைக்க வேண்டும். 225/55 ஆர் 18 டயரின் சுற்றளவு சுமார் 2,214 மில்லிமீட்டர். பழையதைவிட 9 மில்லிமீட்டர்தான் அதிகம். நான்கையும் சேர்த்து மாற்றினால் சிக்கலே இல்லை, ஃபாரஸ்டரிலேயே இந்த அளவும் வருகிறது. முன்னே 17, பின்னே 18 என்று கலந்தால் அந்த 9 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிவிடும். 60-ஐக் குறைக்காமல் 225/60 ஆர் 18 போட்டாலோ, சுற்றளவு மூன்றரை சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றுகளை எண்ணித்தான் வேகம் சொல்கிறது. அது 100 காட்டும்போது கார் 103-ஐத் தாண்டியிருக்கும்.

தேய்மானம் சமமாக இருக்க, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவார்கள். அமெரிக்காவில் இன்னொரு வழக்கமும் உண்டு: புது டயரை எந்திரத்தில் மாட்டி, மற்ற மூன்றின் அளவுக்கு ரப்பரைச் சீவித் தருகிறார்கள். நல்ல ரப்பரை வீணாக்குவதுபோலத் தோன்றும். ஆனாலும் நான்கு புது டயர் வாங்குவதைவிட அது மேல்.

‘அப்படியானால் நான்கு சக்கர இழுவை டிராக்டரில் முன்சக்கரம் சிறியதாகவும் பின்சக்கரம் பெரியதாகவும் இருக்கிறதே?’ என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி. முன்சக்கரம் சிறியது என்பதற்கேற்ப அதை அதிக வேகத்தில் சுழற்றும்படி கியர்களின் பற்களை எண்ணி அமைத்திருக்கிறார்கள். பின்சக்கரத்தைவிட மிகச் சிறிதளவு முந்தி ஓடும்படிதான் அதை வைப்பார்கள். உழுத மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்பதால் அந்த வேறுபாடு அங்கே கரைந்துவிடும். முன்டயருக்கு மட்டும் வேறு அளவு மாட்டினால் அந்தக் கணக்கு கலையும். அதனால் டிராக்டர்காரரும் டயர் வாங்கும்போது முன், பின் இரண்டின் அளவையும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.