யாரும் அழுத்தாத பொத்தான்

ஒரு சின்ன அறை. உள்ளே ஒருவரை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார்கள். போட்டுக்கொண்டிருக்கும்போதே காதைப் பிளக்கும் இரைச்சல் வெடிக்கிறது. சில நொடிகளில் அடங்குகிறது. மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு பேர் ஸ்பானிய மொழியில் பேசுவது, ஒருவர் ஆர்மீனிய மொழியில் பேசுவது, தட்டச்சுப் பொறி, கணக்கிடும் பொறி, சைக்ளோஸ்டைல் இயந்திரம், இத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பதிவுசெய்த ஒலி அது. அளவு 108 டெசிபல். நகரத்துச் சத்தம் மனிதரை என்ன செய்கிறது என்று அறிய, 1960களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் நடத்திய சோதனை.

வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. பொறுக்க முடியாமல் போனால் அதை அழுத்தலாம், சத்தம் நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்று சொல்லி வைத்தார்கள். கிட்டத்தட்ட யாருமே அழுத்தவில்லை. ஆக, இரண்டு பிரிவினரின் காதுக்குள்ளும் போனது ஒரே அளவு இரைச்சல்.

வேறுபாடு தெரிந்தது சத்தம் முடிந்த பிறகு. விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்து, எத்தனை தடவை முயன்று பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். அச்சுப் பிழை திருத்தச் சொன்னார்கள். பொத்தான் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் சீக்கிரமே புதிரைக் கீழே வைத்துவிட்டார்கள். பிழைகளையும் அதிகம் தவறவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் பல மடங்கு விடாமல் முயன்றார்கள். விரல் படாத ஒரு பொத்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு வெகுநேரம் ஆனது.

நடப்பதை நம்மால் மாற்ற முடியும் என்ற இந்த உணர்வுக்குக் 'கட்டுப்பாடு' என்ற சொல்லைத்தான் தமிழில் எழுதிவருகிறோம். அந்தச் சொல்லில் முதலில் தெரிவது கயிறு: அடக்கம், தடை, ஊர்க் கட்டுப்பாடு. பேச்சுத் தமிழோ இதைக் கையை வைத்தே சொல்லிவிடுகிறது. காரியம் 'நம்ம கையில' இருக்கிறது, 'கை மீறிப் போச்சு', 'இனி நம்ம கையில என்ன இருக்கு'. புரவலனை இழந்தவர்கள் புலம்பும் புறத்துறைக்கு இலக்கணம் வைத்த பெயரே கையறுநிலை. செய்ய ஒன்றும் இல்லாமல் போவதைக் கை அற்றுப் போவதாகவே நம் முன்னோர் கண்டார்கள். உடலும் அப்படித்தான் காண்கிறது. ஆய்வகத்துக்கு அது விளங்கத்தான் நெடுநாள் ஆனது. நடுவே ஒரு பெரிய பிசகும் நடந்தது.

1958இல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்பவர் குரங்குகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்தார். ஒன்றின் முன்னால் நெம்புகோல். அதை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் மின்அதிர்ச்சி வராது. தவறினால் இரண்டுக்குமே வரும். மற்றதன் கையில் எதுவும் இல்லை. நெம்புகோல் வைத்திருந்த குரங்குகளுக்கு வயிற்றில் புண் வந்து அவை இறந்தன. 'நிர்வாகிக் குரங்குகள்' என்ற பெயர் பரவியது. பொறுப்பில் இருப்பவனுக்குத்தான் அல்சர், மாரடைப்பு என்று உலகம் நம்பத் தொடங்கியது. இன்றும் பலர் நம்புகிறார்கள்.

பிசகு எங்கே என்றால், குரங்குகளைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. முன்சோதனையில் எது வேகமாக நெம்புகோலை அழுத்தியதோ அதையே நிர்வாகி ஆக்கினார்கள். இயல்பிலேயே படபடப்பு மிகுந்தவை அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டன. சில ஆண்டுகள் கழித்து ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து பார்த்தார். சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிக்கு வயிற்றுப் புண் குறைவு. அதே நேரம், அதே அளவு அதிர்ச்சி வாங்கிக்கொண்டு, சக்கரம் வேலை செய்யாமல் கிடந்த எலிக்குத்தான் அதிகம்.

மனிதர்களிடமும் கதை இதுவேதான். லண்டனின் வைட்ஹால் பகுதி அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாருக்கும் நிரந்தர வேலை. பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. ஆனால் 10 ஆண்டுகளில், கடைநிலை ஆண் ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப்போல மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி மிச்சம் நின்றது. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் 10,308 ஊழியர்களுடன் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை வேலையைப் பற்றியும் கேட்டார்கள்: எதை எப்போது எப்படிச் செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறதா? இல்லை என்றவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் நடுவே இருந்த வேறுபாட்டில் கணிசமான பங்கை இந்த ஒரு கேள்வி விளக்கியது. மேலதிகாரியின் மேசையில் குவிந்த கோப்பைவிட, அந்தக் கோப்பைச் சுமந்து போனவரின் நெஞ்சில்தான் பாரம் அதிகம் இருந்திருக்கிறது.

கையறுநிலை உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண 50 ஆண்டுகள் ஆயின. 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளைஞர்கள் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். சில நாய்கள் பக்கத்துப் பலகையைத் தலையால் தள்ளி மின்அதிர்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம். அவற்றுக்கு ஜோடியாக இருந்தவை என்ன செய்தாலும் நிற்காது. முதல் வகை நாய்கள் வாங்கிய அளவு அதிர்ச்சியை இவையும் வாங்கின. பிறகு எல்லாவற்றையும், நடுவே தாழ்வான தடுப்பு உள்ள ஒரு பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் அதிர்ச்சி இல்லை. முதல் வகை நாய்கள் சட்டென்று தாண்டின. இரண்டாம் வகையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டவே இல்லை. படுத்து முனகின. தடுப்பு அவற்றின் தோள் உயரம்தான் இருந்தது. அந்த நாய்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

தன்னால் எதுவும் ஆகாது என்பதை நாய் கற்றுக்கொண்டது என்று இருவரும் விளக்கினார்கள். பாடநூல்களில் அது இடம்பிடித்தது. மன அழுத்த நோயின் விளக்கமாகவும் வளர்ந்தது. ஆனால் மேயருக்கு நிம்மதி இல்லை. கொலராடோவில் மூளை ஆய்வின் பக்கம் திரும்பி, எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் தேடினார். மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்று ஒரு சிறு நரம்புத் திரள் உண்டு. துன்பம் நீண்டுகொண்டே போனால் அது செரட்டோனினைப் பொழிந்து உயிரை ஒடுங்கச் செய்கிறது. இதற்குக் கற்றல் எதுவும் தேவையில்லை, பிறவியிலேயே அமைந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிதான், நான் செய்வதால் ஏதோ மாறுகிறது என்று கண்டுகொள்கிறது. கண்டுகொண்டதும் கீழே உள்ள அந்த நரம்புத் திரளை அமர்த்துகிறது. அந்த முன்மூளைப் பகுதியை மட்டும் மருந்தால் முடக்கியபோது, சக்கரம் கையில் இருந்த எலியும் ஒடுங்கிக் கிடந்தது. அதே பகுதியைத் தூண்டியபோது, சக்கரமே இல்லாத எலி துணிந்து எழுந்தது.

2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்து, தாங்கள் முதலில் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நாய்கள் கையறுநிலையைக் கற்றுக்கொள்ளவில்லை. அது பிறவியிலேயே உள்ள தொடக்க நிலை. கற்றுக்கொள்ள வேண்டியது 'என்னால் முடியும்' என்பதைத்தான். அதை ஒரு தடவை கற்ற எலி, பிறகு தப்பிக்கவே முடியாத துன்பத்தில் மாட்டினாலும் மற்றவைபோல ஒடிந்துபோகவில்லை. தங்கள் புகழுக்கே காரணமான கருத்தைத் தாங்களே புரட்டிப்போட்ட அந்த நேர்மைக்காகவும் இருவரையும் வணங்கத் தோன்றுகிறது.

அந்தக் கல்வி எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், தொட்டிலில். படிக்க நேரம் கிடைக்காமல் தவித்த இளம் தாய் கரோலின் ரோவி-கோலியர், அழுதுகொண்டிருந்த மகனின் கணுக்காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையோடு இணைத்தார். கால் உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களில் குழந்தை கண்டுபிடித்துவிட்டது. அவர் ஓர் உளவியலாளர். 1969இல் அதுவே ஆய்வாக வெளிவந்தது. வேறொரு சோதனையில், இரண்டு மாதக் குழந்தைகளின் தலையணைக்கு அடியில் விசை வைத்தார்கள். தலையை அசைத்துத் தாமே பொம்மையைச் சுழற்றிய குழந்தைகள் சிரித்தன, மழலையில் கொஞ்சின. தானாகச் சுழலும் பொம்மை கிடைத்த குழந்தைகளிடம் அந்தச் சிரிப்பு அவ்வளவாக இல்லை.

இவ்வளவு ஆழமான பசி என்பதால்தான் ஏமாற்றவும் எளிதாக இருக்கிறது. லாட்டரிச் சீட்டு வாங்கிய காலத்தில், விற்பவர் நீட்டியதை வாங்காமல் கத்தையை வாங்கி நடுவிலிருந்து ஒன்றை உருவியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 1975இல் வெளியான ஆய்வுக்காக உளவியலாளர் எல்லன் லாங்கர் ஒரு டாலர் சீட்டுகளை அலுவலக ஊழியர்களிடம் விற்றார். பிறகு திரும்ப விலைக்குக் கேட்டார். கையில் திணிக்கப்பட்ட சீட்டை வைத்திருந்தவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாமே தேர்ந்தெடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். நியூயார்க் நகரில் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தான்கள் 3,250 இருந்தன. அவற்றில் 2,500க்கும் மேற்பட்டவை விளக்கோடு தொடர்பே இல்லாதவை என்று 2004இல் தெரியவந்தது. கணினி விளக்குகளை நடத்தத் தொடங்கிய பிறகும் கம்பத்தில் பொத்தானை விட்டுவைத்திருந்தார்கள். மக்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அந்தப் பொத்தான்கள் நம் சட்டைப் பையில் இருக்கின்றன. பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்ததைச் சொடுக்க வேண்டியிருந்த ஒரு சின்ன நிறுத்தத்தை, 2006இல் ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவில்லாத உருட்டல் எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கத்தில் சிலருக்கு மகிழ்ச்சிப் பதிவுகளையும் சிலருக்குச் சோகப் பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று பார்த்தது. மாற்றம் மிகச் சிறியதுதான். ஆனால் 2014இல் ஆய்வு வெளிவரும்வரை தாங்கள் சோதனையில் இருந்தது அந்தப் பயனர்களுக்குத் தெரியாது. விரல் நம்முடையது, உருட்டுவது நாம், எதைக் காண்பது என்பது வேறொருவர் கையில். இரவு பதினொரு மணிக்கு வைத்துவிடலாம் என்று எடுத்த கைப்பேசியை ஒரு மணிக்கு வைத்துவிட்டு, தன் மனஉறுதியைத் திட்டிக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்களிடம் குறை இல்லை, பொத்தானை எடுத்துவிட்டார்கள். அமைப்புகளுக்குள் போய், தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள். அறிவிப்புகளை அணையுங்கள். எடுத்த பொத்தானில் கொஞ்சமாவது திரும்பி வரும்.

என் மனத்தை விட்டு அகலாதவை இரண்டு முதியோர் இல்ல ஆய்வுகள். 1976இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் இல்லத்தின் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள், எந்த இரவில் படம் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள், இந்தச் செடிகளில் பிடித்ததை எடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில் எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடியும் கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றியது செவிலியர். 18 மாதங்களில் முதல் தளத்தில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 30 சதவீதம். ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. கணக்கீட்டில் ஒரு பிழை இருந்து திருத்தப்பட்டு, முடிவின் வலுவும் குறைந்தது. அதனால் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் முதல் தளத்தவர்கள் சுறுசுறுப்பாக, மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதை ஊழியர்களே பதிந்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு வெளியான இரண்டாவது ஆய்வில், ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் வேறொன்று செய்தார். கல்லூரி மாணவர்கள் முதியவர்களைப் பார்க்க வந்தார்கள். சிலருக்கு, மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதை அவர்களே சொல்லலாம். சிலருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்பட்டது. சிலரிடம் மாணவர்கள் நினைத்தபோது வந்தார்கள். முதல் இரண்டு பிரிவினரும் நலம் பெற்றார்கள். இரண்டு மாதத்தில் ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவதும் நின்றது. பிறகு பல மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அந்த இரண்டு பிரிவினர்தான் மற்றவர்களைவிட வேகமாக நலிந்திருந்தார்கள். கொடுத்துப் பறித்தது, கொடுக்காமலே இருந்ததைவிடக் கேடாக முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். மூட்டு வலி வந்ததும் அடுப்படியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு, உட்காருங்க." அன்பால்தான் செய்தோம். சில மாதங்களில், என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் "எதுவானாலும் சரிப்பா" என்பது மட்டுமே பதிலாக வந்தது. அதை நாங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் சந்தைப் பையை அவர் முன்னால் கொட்டி, இன்றைக்கு நீங்கள் சொல்வதுதான் என்று உட்கார்ந்தோம். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தார். இரண்டை ஒதுக்கினார். பிறகு மெல்ல, "வத்தக் குழம்பு வைங்க, கத்தரிக்காய நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தால், இன்று இரவு என்ன சமைக்கலாம் என்று அவரிடம் கேளுங்கள். வத்தக் குழம்பு என்று அவர் சொன்னால், வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அன்றைக்கு வத்தக் குழம்பையே வையுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.