மாலைப் பொழுதும் பொது மண்டபமும்

உழைத்து ஜீவிக்கும் மனிதனுக்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் உண்மையாகச் சொந்தமான பொழுது மாலைப் பொழுது ஒன்றே. பகல் வேலைக்கு உரியது; இரவு நித்திரைக்கு உரியது. இடையிலுள்ள மூன்று நான்கு மணி நேரத்தை ஒரு பட்டணத்து ஜனங்கள் எவ்விதம் கழிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அப்பட்டணத்தின் யோக்கியதையை ஒருவாறு மதிப்பிட்டுவிடலாம். சென்னை நகரவாசிகள் நூறு வருஷங்களுக்கு மேலாக அப்பொழுதில் ஒரு பகுதியை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு இருமுறையோ, குடும்பத்துடனோ சிநேகிதருடனோ கொட்டகைக்குச் சென்று வருவது அவர்களுடைய வாழ்க்கையில் ஊறிப்போன ஒரு வழக்கம். அவ்வழக்கம் இன்று நம் கண் முன்னே தேய்ந்து வருகிறது. இதைப் பற்றிக் கவலைப்படுவது வேலையற்றவர் வேலையென்று சிலர் எண்ணலாம். நாம் அப்படி எண்ணவில்லை.

"கூத்துப் பார்க்கப் போகிறவன் குடும்பத்தைக் கெடுப்பான்" என்று நம் பெரியோரில் பலர் கடிந்துரைத்ததுண்டு. இராமுழுதும் கொட்டகையில் விழித்திருந்து மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டவர்களைக் கண்டே அவர்கள் அவ்விதம் கூறினார்கள். அக்கண்டனத்தில் நியாயமில்லையென்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குள்ளே வேறொரு காரியமும் நடந்து வந்தது. ஒருவரை ஒருவர் அறியாத ஐந்நூறு பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, ஒரே சமயத்தில் சிரித்து, ஒரே சமயத்தில் கண்ணீர் விட்டு, "நாம்" என்ற உணர்ச்சியைப் பெற்று வெளியே வந்தார்கள். ஜனங்களைப் பொதுஜனமாக்குவது இவ்வுணர்ச்சியே.

சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையில் செந்நிறக் கட்டிடம் ஒன்று நிற்பதை நேயர்கள் அறிவார்கள். விக்டோரியா பொது மண்டபம் என்பது அதன் பெயர். 1891-ம் வருஷத்தில் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு சபையார் அங்கே நடத்திய தெலுங்கு நாடகங்களைப் பம்மல் சம்பந்த முதலியார் என்ற இளைஞர் பார்த்தார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வெட்கமின்றி மேடையேறி நடிக்கலாம் என்பதை அன்று அவர் கண்டார். அவ்வருஷமே தம் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார். பிற்காலத்தில் நியாயாதிபதியாக உயர்ந்த பின்னரும் அவர் மேடையை விட்டாரில்லை. எண்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யனாகித் தமிழ் பேசினான். பகலில் கச்சேரியில் வழக்குரைத்தவர்கள் மாலையில் வேஷம் தரித்தார்கள். தீரர் சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் ஏறி நடித்தவரே. பின்னர் நாடெங்கும் முழங்கிய அக்குரலுக்கு நாடக மேடையும் ஒரு பயிற்சிக்கூடமாக இருந்தது.

சினிமா சென்னைக்கு வந்ததும் அதே விக்டோரியா மண்டபத்தின் வழியாகத்தான். 1890-களின் பிற்பகுதியில் அசையும் படங்கள் அங்கே காட்டப்பட்டன. 1913-ல் மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்தது. அக்கட்டிடம் இன்றும் அண்ணாசாலைத் தபால் நிலைய வளாகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்குச் சிறிது காலத்துக்குள் ரகுபதி வெங்கையா அதே சாலைக்கருகில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாசாலை அதுவே. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்ல, ஜனங்கள் ஊமைப் படத்தைப் பார்த்தார்கள். 1931 அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் "காளிதாஸ்" வெளியாயிற்று. டி. பி. ராஜலக்ஷ்மி திரையில் பாடினார். கதை புராதனக் கவியைப் பற்றியது. ஆயினும் நடுவே ராட்டையைப் போற்றும் பாட்டும் ஒலித்தது. கதைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கொட்டகையில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சம்பந்தம் ஜனங்களின் நெஞ்சிலே இருந்தது.

இங்கே நேயர்கள் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் ஹரிஜனங்கள் பிரவேசித்தது 1939 ஜூலை 8-ந் தேதி. அதற்குப் பல வருஷங்கள் முன்பே சில அணாக்களைக் கொடுத்த எவனும் பட்டணத்துச் சினிமாக் கொட்டகைக்குள் நுழைய முடிந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற பேதம் அங்கே இருந்தது வாஸ்தவம். ஆனால் அப்பேதம் பையிலிருந்த காசைப் பொறுத்ததேயன்றிப் பிறப்பைப் பொறுத்ததன்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்று இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-ல் எழுதிய நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். சீர்திருத்தப் பிரசங்கங்கள் நூறு செய்ய முயன்றதை ஒரு டிக்கெட் ஜன்னல் ஓசையின்றிச் செய்து வந்தது.

அந்நிய சர்க்கார் இக்கூட்டத்தின் பொருளை நம்மிலும் நன்றாக உணர்ந்திருந்தது. கல்கத்தா நாடக மேடையைக் கண்டு அஞ்சியே 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் பிறந்தது. 1918-ல் சினிமாச் சட்டம் வந்தது. தேசீயப் பாட்டுக்களை மேடையில் பாடியதற்காக விசுவநாத தாஸ் பலமுறை சிறை சென்றார். 1940-ம் வருஷத்தின் கடைசி நாளன்று, சென்னையிலே, முருகன் வேஷத்துடன் மேடையிலேயே அவர் உயிர் நீத்தார். 1939-ல் வெளிவந்த "தியாகபூமி"யைச் சர்க்கார் பின்னர் தடை செய்தது. வெறும் பொழுதுபோக்கைக் கண்டு எந்தச் சர்க்காராவது அஞ்சுமா? ஜனங்கள் தனித்தனியே வீட்டிலிருந்து முணுமுணுப்பதைப் பற்றி அதிகாரிகளுக்குக் கவலையில்லை. ஒரே இடத்தில் கூடி ஒரே பாட்டுக்குக் கைதட்டுவதே அவர்களுடைய உறக்கத்தைக் கெடுத்தது.

சுதந்திரம் வந்த பின் நம்மவர் சர்க்காரும் இவ்வச்சத்தை முற்றும் விட்டுவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1954-ல் இம்மாகாணமே தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013-ல்தான். ஆயினும் கொட்டகைகள் நிறைந்தே இருந்தன. 1952-ல் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் தொடங்கியது. பின்னர் சோவின் குழுவும், அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாயிருந்த கே. பாலசந்தரின் குழுவும் தோன்றின. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்களின் அங்கத்தினர்கள் சந்தா செலுத்தி, மாதந்தோறும் குறித்த நாளில் குடும்பத்துடன் வந்து அமர்ந்தார்கள். ஆபீஸ் விட்டு நேராக ஒத்திகைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர்! சினிமாவுக்கோ மவுண்ட் ரோடே ராஜபாட்டையாக இருந்தது. 1960-களில் எழுந்த சபையர் தியேட்டரின் ஒரு பகுதியான புளூ டைமண்டில், ஒரு டிக்கெட் வாங்கியவர் எப்பொழுது வேண்டுமானாலும் நுழைந்து எத்தனை காட்சி வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற விந்தையான ஏற்பாடும் இருந்தது.

இன்று நிலைமை என்ன? கெயிட்டி இல்லை. சபையர் இல்லை. 1961-ல் திறந்த சாந்தி இல்லை. வடசென்னைத் தொழிலாளரின் செல்லக் கொட்டகையான அகஸ்தியா 2020-ல் மூடப்பட்டது. அசோக் நகர் உதயம் 2024-ல் மூடப்பட்டது. அவை நின்ற இடங்கள் கடைகளுக்கும் மாடிக் கட்டிடங்களுக்கும் இரையாகி வருகின்றன. 1975 ஆகஸ்டு 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது சபாக்களின் நாற்காலிகள் முதன்முதலாகக் காலியாகத் தொடங்கின. 2020 மார்ச்சு முதல் நவம்பர் வரை நோயின் பொருட்டுக் கொட்டகைகள் அடைபட்டுக் கிடந்தன. அந்த மாதங்களில் கைப்பேசித் திரையில் தனித்திருந்து பார்க்கப் பழகிய பலர் மீண்டும் வெளியே வரவில்லை.

புதிய மால்களில் பளபளப்பான தியேட்டர்கள் எழுந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். எழுந்திருக்கின்றன, ஆசனம் மெத்தென்றிருக்கிறது, ஒலியும் ஒளியும் அபாரம். ஆனால் மனைவியும் இரு குழந்தைகளுமாகச் செல்லும் ஒரு சாதாரணச் சம்பளக்காரர் டிக்கெட்டுக்கும், வண்டி நிறுத்துவதற்கும், ஒரு கூடை பொரிக்கும் கொடுக்கும் தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள்! அவர் ஆண்டுக்கு ஒரு முறை பண்டிகைபோல் போகலாம். மாதந்தோறும் போக முடியாது. வரி விதித்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நூறு ரூபாய்க்கு உட்பட்ட டிக்கெட்டுக்கு நூற்றுக்கு 18, மேற்பட்டதற்கு 28 என்று விதித்தார்கள். 2019 ஜனவரியில் அது 12, 18 என்று குறைந்தது. 2025 செப்டம்பரில் நூறு ரூபாய்க்கு உட்பட்டதற்கு மட்டும் 5 ஆகத் தாழ்ந்தது. ஏழையின் டிக்கெட்டுக்கு நியாயம் கிடைக்க எட்டு வருஷமாயிற்று! அதற்குள் ஏழையின் கொட்டகைகள் எத்தனையோ இடிபட்டுவிட்டன.

வீடு திரும்பும் வழியும் யோசிக்கத்தக்கது. 1953 வரை சென்னையில் டிராம் வண்டி ஓடியது. கொட்டகை விட்டு வந்தவர்கள் அதிலேறிச் சென்றார்கள். இன்று கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய மெட்ரோ ரயில் இரவு 11 மணியளவில் நின்றுவிடுகிறது. இரவுக் காட்சி முடிவதோ நள்ளிரவுக்குப் பின். சொந்த வாகனமில்லாதவரும், தனித்துச் செல்லும் பெண்களும் என்ன செய்வார்கள்? மாலைப் பொழுது வாகனமுள்ளவருக்கு மட்டுமே என்று எவரும் சட்டம் செய்யவில்லை. ஆனால் காரியத்தில் அப்படித்தான் முடிகிறது.

ஆகவே சிலவற்றை வற்புறுத்த விரும்புகிறோம். நகர சபையார் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்த வாடகையில் நாடகத்துக்கும் படத்துக்கும் உதவும் ஒரு பொது மண்டபத்தை நடத்த வேண்டும். எழும்பூர்க் காட்சிசாலை வளாகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய நாடக அரங்கு இன்றும் பயன்படுகிறதென்றால், புதியவை கட்டுவதும் நடத்துவதும் நம்மால் ஆகாத காரியமல்ல. கொட்டகை இடிந்த இடத்தில் கட்டிடம் எழும்பும்போது அதில் ஒரு சிறு அரங்காவது இருக்க வேண்டுமென்று விதிக்கலாம். இரவுக் காட்சி விட்டபின் ஒரு ரயிலும் சில பஸ்களும் ஓடட்டும்.

ஆனால் இவை யாவும் சர்க்காரைப் பொறுத்தவை. நம்மைப் பொறுத்தது ஒன்றுண்டு. அரசியல் ஊழியர்கள் பலர் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று குறைப்படுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஜனங்கள் தாமாகக் கூடும் இடத்துக்குச் சென்று உட்கார்ந்து பார்க்கிறார்கள்? மாதத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். ஒன்று சினிமாவுக்கு, மற்றொன்று நாடகத்துக்கு. கோடையில் நாரத கான சபையில் நடைபெறும் நாடக விழாவுக்குச் செல்லுங்கள். பேட்டையில் எஞ்சியிருக்கும் பழைய கொட்டகைக்கும் செல்லுங்கள். அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நாடகம் நன்றாயிருந்தால் கை தட்டுங்கள். இல்லாவிட்டால் வெளியே வந்து டீக்கடை வாயிலில் நின்று காரசாரமாய் விவாதியுங்கள். அந்த விவாதமும் ஜனநாயகத்தின் ஓர் அங்கமே.

சட்டத்தாலும் சிறையாலும் அந்நியரால் கலைக்க முடியாத கூட்டம் அது. அது நம்முடைய சோம்பலால் கலைந்ததென்று நாளைய சரித்திரம் எழுதக்கூடாது. விக்டோரியா மண்டபத்தில் அன்று விளக்கேற்றியவர்கள் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களே. இன்று மாலை விளக்கேறும் முன் நாமும் புறப்படுவோம்.