காலேஜைப் பார்க்காதீங்க, ஆஸ்பத்திரியைப் பாருங்க!

"பொண்ணை நர்ஸிங்குக்கா அனுப்பப் போறீங்க? வேற நல்ல கோர்ஸ் எதுவும் கிடைக்கலையா சார்?"

2019 மே மாதம், என் மகளின் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், மலை மந்திர் படிகளில் ஏறும்போது ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டவர் நல்ல மனிதர்தான். அவரைப் போலவே என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் கேட்காமல் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

என் மகள் எண்பத்திரண்டு சதவீதம் வாங்கியிருந்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் தாயார் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது இரவு பகலாகக் கூட இருந்தவள் அவள்தான். "டாக்டர் தினம் ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போறார்ப்பா. பாட்டியைப் பார்த்துக்கிறது நர்ஸுங்கதான்" என்று அன்றைக்கே சொன்னாள். அதிலிருந்து அவள் மனசு மாறவில்லை.

என் கவலை வேறு. கரோல் பாகில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். அப்போது மாதச் சம்பளம் முப்பத்திரண்டாயிரம். வாடகை வீடு; கீழே ஒரு பையன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். படிப்பு நல்லதாகவும் இருக்க வேண்டும், கட்டவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்று தேடி அலைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் இன்னும் பல தகப்பன்மார்கள் நம் சங்கத்தில் இருப்பார்கள் என்பதால், கையைச் சுட்டுக்கொண்ட இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பாடம்

அலைச்சலே வேண்டாம் என்று ஓர் ஏஜெண்ட் வந்து சேர்ந்தார். தெற்கே ஒரு பெரிய நகரத்தில் நர்ஸிங் கல்லூரி, நான்கு வருஷத்துக்கும் சேர்த்து நாலே லட்சம், படித்து முடித்ததும் வெளிநாட்டு வேலை என்று வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகத்தைக் காட்டினார். இன்னும் மூன்றே சீட்தான் பாக்கி என்றார். நான் இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை மறுநாள் கொண்டு வருவதாகச் சொன்னேன்.

அன்று மாலை, நல்ல வேளையாக, சங்க நூலகத்தில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதில் தில்லிக்கு வந்து, அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பணத்தைக் கொடுத்தது கொடுத்ததுதான். ஒரிஜினலைக் கொடுத்திராதீங்க தம்பி, செராக்ஸ் மட்டும் குடுங்க. ஒரு தடவை நேரே போய்ப் பாருங்க. காலேஜைப் பார்க்காதீங்க, ஆஸ்பத்திரியைப் பாருங்க. கட்டடத்தை வச்சு யாரும் நர்ஸ் ஆக முடியாது; நோயாளியைத் தொட்டுத்தான் ஆகணும்."

பிறகு ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில், போகிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தார்:

ஒன்று: ஆஸ்பத்திரி கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியா? எத்தனை படுக்கை, அதில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகளாவது இருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு.

இரண்டு: மாநில நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம், இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியல், பல்கலைக்கழக இணைப்பு மூன்றும் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா? எத்தனை இடத்துக்கு?

மூன்று: பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் உண்டா? வார்டில் பிள்ளைகளோடு ஆசிரியர் நிற்கிறாரா, இல்லை ஆஸ்பத்திரி நர்ஸுகள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறாரா?

நான்கு: நான்கு வருஷத்துக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தருவார்களா?

இரண்டு இரவு ரயிலில் போனேன். கல்லூரிக் கட்டடம் ஜோராகத்தான் இருந்தது. எலும்புக்கூடு, ரப்பர் பொம்மை, கண்ணாடி அலமாரி எல்லாம் பளபளவென்று இருந்தன. "ஆஸ்பத்திரி எங்கே?" என்றேன். நாலு கிலோமீட்டர் தள்ளி என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். காலை பத்தரை மணி. எந்த ஆஸ்பத்திரியும் சந்தைக்கடை மாதிரி இருக்க வேண்டிய நேரம் அது. நான் வார்டு வார்டாக எண்ணினேன். பதினோரு பேர் படுத்திருந்தார்கள். மற்றக் கட்டில்களில் விரிப்பு கசங்காமல் இருந்தது.

வாசலில் இரண்டு மாணவிகள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் பேச்சில் மதுரை வாடை அடித்தது. விசாரித்தேன். "வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க அங்கிள். ஒரு பேஷண்டைச் சுத்தி பத்துப் பதினைஞ்சு பேர் நிப்போம். மூணாவது வருஷம் வந்துட்டேன், நானா ஊசி போட்டது நாலே தடவைதான்" என்றாள். விடுதி, பஸ், சீருடை, பரீட்சைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று தனித்தனியாக வாங்குவதை அவள் சொல்லச் சொல்லக் கூட்டிப் பார்த்தேன். நாலு லட்சம் என்றது ஆறரை லட்சத்தைத் தாண்டியது.

ரயில் ஏறித் திரும்பிவிட்டேன். அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை.

குறைந்த செலவில் நல்ல படிப்பு எங்கே?

திரும்பி வந்தபின் அக்காவின் வழிகாட்டலில் ஒழுங்காகத் தேடினேன். அப்போது தெரிந்துகொண்ட ஒரு செய்தி நம்மைப் போன்ற தில்லித் தமிழருக்கு ருசிக்கும். நம் நாட்டில் நர்ஸிங்கில் பட்டப்படிப்பு 1946-இல் தொடங்கியபோது அது வந்த இடங்கள் இரண்டு: ஒன்று தில்லி, இன்னொன்று வேலூர். அந்தத் தில்லிக் கல்லூரிதான் இன்று நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் பெயரில் இயங்குகிறது.

தரமும் சிக்கனமும் சேர்ந்து கிடைப்பது முதலில் அரசுக் கல்லூரிகளில்தான். எய்ம்ஸ் தனக்கென்று நுழைவுத் தேர்வு வைக்கிறது. தில்லி எய்ம்ஸில் இந்தப் பட்டப்படிப்பு பெண்களுக்கு மட்டும். பொதுப் பிரிவினருக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் 55 சதவீதம் வேண்டும். கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. அதனால் போட்டி கடுமை. என் மகள் எழுதினாள், கிடைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. புதுச்சேரி ஜிப்மர் இப்போது நீட் மதிப்பெண்ணை வைத்து நர்ஸிங் இடங்களை நிரப்புகிறது. ஆகவே டாக்டர் சீட் நோக்கம் இல்லாவிட்டாலும் நீட் எழுதி வைப்பது நல்லது.

இன்னொரு வழி, ராணுவ நர்ஸிங் சேவை. புனே, கொல்கத்தா, மும்பை, தில்லி, லக்னோ, பெங்களூர் என ஆறு இடங்களில் ராணுவ மருத்துவமனைகளைச் சேர்ந்த கல்லூரிகள், மொத்தம் 220 இடங்கள். பெண்களுக்கு மட்டும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு இலவசம். முடித்தபின் படையில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். 2022 முதல் இதற்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள்.

மூன்றாவது, சொந்த மாநிலம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் அரசே கவுன்சலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்கள் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் அதில் வரும். அவற்றுக்குக் கட்டணத்தை அரசின் குழு நிர்ணயிக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் நேரே போய்ச் சேர்ந்தால் ஆகும் செலவுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

வெளிமாநிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். பூர்வீகம் தமிழ்நாடு என்று நிரூபிக்கத் தாசில்தாரிடமிருந்து இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு அலுவலகம் கொடுத்ததாக இருக்க வேண்டும். தில்லியில் வாங்கிய காகிதம் அங்கே செல்லாது. நான் படித்த பள்ளியின் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினேன். என் மைத்துனர் ஒரு வாரம் லீவு போட்டு என்னோடு அலைந்தார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சான்றிதழ் கைக்கு வந்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே இவற்றை வாங்கி வைத்திருந்தால் அந்த ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்காது.

திருச்சிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. சேருமுன் அங்கேயும் ஆஸ்பத்திரியைப் போய்ப் பார்த்தேன். பழைய கட்டடம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஆனால் வராண்டாவில்கூட ஆட்கள். பிரசவ வார்டில் காலியாக ஒரு கட்டில் இல்லை. ஒரு ஆசிரியை, புது மாணவி ஒருத்தியின் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "இங்கேயே சேர்ந்துடலாம்ப்பா" என்றாள் என் மகள்.

கணக்கு எழுதுகிறவனின் கணக்கு

தொழில் புத்தி; நான்கு வருஷமும் நோட்டில் எழுதி வைத்தேன். கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 45,000. விடுதியும் சாப்பாடும் 55,000. புத்தகம், சீருடை, பரீட்சை, ரயில் செலவு எல்லாம் 20,000. ஆக வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். நான்கு வருஷத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம். வங்கியில் மூன்றரை லட்சம் கடன் வாங்கினோம். நாலு லட்சம் வரை சொத்து ஈடு கேட்கவில்லை. பெற்றோர் கையெழுத்துப் போதுமாக இருந்தது. வங்கி மேலாளர் முதலில் கேட்டதே கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்றுதான். ஏஜெண்ட் சொன்ன கல்லூரிக்குக் கடன் கேட்டுப் போயிருந்தால் வங்கியே என்னை எச்சரித்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

2020-இல் கொரோனா வந்து பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதக்கணக்கில் போனிலேயே பாடம். "ஊசி போடுறதை போன்ல எப்படிப்பா கத்துக்கிறது?" என்று அழுதாள். கல்லூரி திறந்ததும் விட்டுப்போன வார்டுப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நடத்தி ஈடுகட்டினார்கள். சொந்த ஆஸ்பத்திரி இருந்ததால் அது முடிந்தது.

2023-இல் படிப்பை முடித்து, தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டாள். தில்லியில் வேலை பார்க்க இங்குள்ள கவுன்சிலிலும் பதிவு வேண்டும்; அதற்குச் சில வாரம் ஆயிற்று. முதல் சம்பளம் தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்தாயிரம். சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில்கூட நர்ஸுக்கு மாதம் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று உச்சநீதிமன்ற உத்தரவின்படி அமைந்த மத்தியக் குழு 2016-இலேயே சொன்னது. எல்லா இடத்திலும் அது நடக்கிறதா என்றால் இல்லை. மத்திய அரசு வேலையில் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. அதற்கான எய்ம்ஸ் பொதுத் தேர்வுக்கு இரவு டியூட்டி முடிந்து வந்து படித்தாள். முதல் தடவை கிடைக்கவில்லை. விடப்போவதில்லை என்கிறாள். கடன் தவணையை அவளே கட்டுகிறாள்.

ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். பட்டம் இருக்கிறது, ஆனால் நரம்பில் ஊசி ஏற்றக் கை நடுங்குகிறதாம். "அவ காலேஜ்ல பேஷண்டே இல்லையாம்ப்பா. இப்ப நான்தான் சொல்லிக் குடுக்கறேன்." நான் ஒன்றும் பேசவில்லை. கசங்காத அந்தப் படுக்கை விரிப்புகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்ணின் தகப்பனாரும் என்னைப் போல் ஏதோ ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவராக இருக்கலாம்.

இந்தத் தேடலில் சேர்ந்த காகிதங்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நம் சங்கத்தில் யார் வீட்டிலாவது பிள்ளை நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டால், ஞாயிறு காலை நூலகத்துக்கு வந்தால் பார்க்கலாம். விதிமுறைகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. 2021 முதல் பாடத்திட்டமே செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. 2023-இல் நர்ஸிங் ஆணையத்துக்கென்று புதுச் சட்டமும் நிறைவேறியது. ஆகவே அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும். மாறாதது அக்கா எழுதிக் கொடுத்த அந்த நாலு கேள்விதான்.

ஃபைலைத் திறந்தால் முதலில் இருப்பது இருபத்தைந்தாயிரத்துக்கான ரசீது. அதில் கல்லூரியின் பெயர் இல்லை, முத்திரை இல்லை. ஏஜெண்டின் கையெழுத்து மட்டும்தான். அதற்கடுத்து அக்காவின் நோட்டீஸ். எந்த வரிசையில் பார்க்கக் கூடாது என்று சொல்லத்தான் அப்படியே வைத்திருக்கிறேன்.