அடுத்த திருமணம் வரை காத்திராமல்…

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிப் பயின்ற ஐவர் நாங்கள். பின்னர் தில்லி, கொல்கத்தா, ஐதராபாத், சென்னை, புனே எனப் பிரிந்தோம். ‘அடுத்த திருமணத்தில் சந்திப்போம்’ என்று விடைபெற்ற எங்களுள் ஒருவர் அதற்குள் மறைந்தார். அன்றுமுதல் எந்தச் சந்திப்பையும் நாங்கள் ஒத்திப்போடுவதில்லை.

ஆளுக்கொரு தொடர் வைப்புக் கணக்கில் பயணத்திற்கென மாதந்தோறும் சேமிக்கிறோம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. அந்நாளைக் குறித்துவைத்து அன்றே பயணச்சீட்டு எடுத்துவிடுகிறோம். முகூர்த்த நாளன்று பந்தியும் வரவேற்பும் பேச நேரம் தருவதில்லை. ஆகவே முந்தைய நாளே கூடுகிறோம்.

அண்மையில் புனேயில் நடந்த திருமணத்திற்கு மறைந்த நண்பரின் மகனும் வந்திருந்தார். அவர் அறியாத தந்தையின் இளமைக் கதைகளை விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.