கோப்பையில் முட்டை நாற்றம்

நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தயாரிப்பாளருக்கு வருடத்தில் ஒரே வாய்ப்பு. அந்தச் சாறு எஃகுத் தொட்டியில் நுரைத்துப் பொங்கும்போது அழுகிய முட்டை நாற்றம் கிளம்பினால்? தொட்டி நிறைய சிவப்பு ஒயினும் ஓராண்டு உழைப்பும் சாக்கடைக்குத்தான் - வைத்தியம் தெரியாவிட்டால்.

நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. பெரும்பாலும் பட்டினியின் விளைவு. சாற்றில் நைட்ரஜன் சத்து குறைந்தால் ஈஸ்ட் இந்த வாயுவை வெளியேற்றுகிறது. சாம்பல் நோயைத் தடுக்கக் கொடியில் தூவிய கந்தகம் பழத்தில் ஒட்டியிருந்தாலும் இதே கதி. எனவே முதல் வைத்தியம் தீனி: டை அம்மோனியம் பாஸ்பேட். வயலுக்குப் போடும் டிஏபிதான். ஆனால் உணவுத் தரத்தில்.

இரண்டாவது, காற்று. வண்டலிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்குத் தெறிக்கத் தெறிக்க மாற்றினால் வாயு பெருமளவு பறந்துவிடும். வெள்ளை ஒயினைவிட சிவப்பு இதை நன்றாகத் தாங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் மயில்துத்தம். அதிலுள்ள செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், வடிகட்டிவிடலாம். ஆனால் அளவு மீறினால் மருந்தே விஷம். சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பின் வரம்பு கறாரானது: 100 லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் சேர்க்கக் கூடாது, முடிவில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் செம்பு மிஞ்சக் கூடாது. அதனால் முதல் சோதனை தொட்டியில் அல்ல, இரண்டு கோப்பைகளில். ஒன்றில் மட்டும் ஓரிரு துளி கரைசல். பிறகு மாறி மாறி முகர்ந்து பார்க்க வேண்டும்.

தாமதித்தால் சிக்கல் முற்றும். வாயு மெர்காப்டானாக மாறி வெங்காயம், ரப்பர் வாசனை வீசும். காற்றுப் பட்டால் அது டைசல்பைடு ஆகும். அதைச் செம்பால் தொட முடியாது. முதலில் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி சேர்த்து, பல வாரம் காத்திருந்து, பிறகே செம்பு. கரியால் உறிஞ்சலாமே என்றால், நாற்றத்தோடு நிறமும் மணமும் போய்விடும்.

பாட்டிலில் அடைத்துவிட்டால் பிழைத்தோம் என்றும் இருக்க முடியாது. தக்கை மூடியால் ஈர அட்டை வாடை வரும். அதற்குக் காரணமான டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருளை 1982-ல் சுவிஸ் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். திருகு மூடியில் அந்தத் தொல்லை அரிது. ஆனால் காற்று அதிகம் புகாததால், உள்ளே பதுங்கியிருந்த முட்டை நாற்றம் மறுபடி தலைகாட்டலாம்.

ஆகவே தினமும் தொட்டியை முகர்ந்து பார்ப்பதே மலிவான காப்பீடு. ஆய்வுக்கூட அறிக்கை வருமுன்பே மூக்கு சொல்லிவிடும்.