தாளம் போடும் மின்துடிப்பு

சென்ற நவராத்திரியில் நம் அண்டை வீட்டு மாமி ஹிந்தோளத்தில் ஒரு பாட்டை எடுத்தபோது, அவருடைய பேரன் தன் சிறிய அனலாக் ஸின்தஸைஸரையும் தாளப்பெட்டியையும் கொணர்ந்து பக்கவாத்தியமாக அமர்த்தினான். இரண்டு ஆவர்த்தனம் வரை யாதொரு குறையுமில்லை. பிறகு ஒரு குழந்தையின் கால் பட்டு, இரு பெட்டிகளையும் இணைத்திருந்த கம்பி கழன்றது. பையன் உடனே செருகிவிட்டான். இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடின. ஆயினும் ஒன்றின் சமம் ஓரிடத்தில், மற்றதன் சமம் வேறிடத்தில்! மாமி தொடையில் தாளம் போட்டவாறே பாடி முடித்து, "இதுக்கு எண்ணத் தெரியாதாடா?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. நாமும் சற்று விசாரித்துப் பார்த்தோம்.

அக்கம்பி வழியே சென்றது 'கிளாக்' எனப்படும் துடிப்பு. பெயர்தான் கடிகாரம், மணி காட்டாது. அதன் எளிய வடிவில், மின்தேக்கி ஒன்று ஒரு மின்தடையின் வழியே மெல்ல நிரம்புகிறது, குறித்த அளவு வந்ததும் சட்டென்று காலியாகிறது, மீண்டும் நிரம்புகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு புறப்படும். குமிழைத் திருகினால் தடை மாறும். காலப்பிரமாணமும் உடன் மாறும். துடிப்பு வந்து சேருந்தோறும் ஸீக்வென்ஸர் என்னும் பகுதி தன் வரிசையில் ஒரு படி முன்னேறி, அப்படிக்கு உரிய ஸ்வரத்தை ஒலிக்கச் செய்கிறது. இது முதல் அட்சரம், இது ஐந்தாம் அட்சரம் என்ற அடையாளம் எதுவும் துடிப்பில் இல்லை. ஆகவே மாமிக்கு விடை: கடிகாரத்திற்கு எண்ணத் தெரியாது, தட்டத்தான் தெரியும். முதற்படிக்குத் திரும்பச் சொல்ல 'ரீஸெட்' என்ற தனிச் சமிக்ஞை வேண்டும். அஃதில்லையேல் இரண்டையும் நிறுத்தி ஒருசேரத் தொடங்க வேண்டும். பையன் பதற்றத்தில் அதை மறந்தான்.

இக்கருவிகளைக் கொண்டு ராகம் வாசிப்பது ஏதோ நேற்றைய விளையாட்டு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். 1982-ஆம் ஆண்டிலேயே, அந்நாளைய பம்பாயில், ஹிந்திப் பட வாத்தியக் குழுக்களில் பணியாற்றிய சரண்ஜித் சிங் என்னும் கலைஞர் 10 ராகங்களை இவ்விதம் வாசித்து ஹெச்.எம்.வி. இசைத்தட்டாக வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-808 தாளப்பெட்டி, டி.பி.-303 என்னும் பேஸ் கருவி, ஜூபிட்டர்-8 ஸின்தஸைஸர் ஆகிய மூன்றும். அப்பத்தில் மால்கௌன்ஸ் நம் மாமி பாடிய ஹிந்தோளமேதான். பூபாலி நமக்கு மோகனம்; கலாவதி வலஜி; யமன் கல்யாணி. அன்று அத்தட்டைச் சீந்துவாரில்லை. 1987-இல் சிகாகோவிலிருந்து 'ஆஸிட்' என்ற நடன இசை அதே 303-ஐக் கொண்டு உலகெங்கும் பரவிற்று. 2010-இல் சிங்கின் தட்டு மறுபதிப்பான பின்னரே, இதை இங்கொருவர் முன்னமே செய்திருக்கிறாரே என்று மேனாட்டார் வியந்தனர். அவர் 2015-இல் காலமானார்.

808-க்கும் 303-க்கும் இடையே செல்லும் கம்பியில் ஓர் இழை துடிப்புக்கு. மற்றோர் இழை 'தொடங்கு, நில்' என்பதற்கு. சமம் தவறாமலிருப்பது இந்த இரண்டாம் இழையினால்தான். அடிப்பு ஒன்றுக்கு 24 துடிப்பு. நிமிடத்திற்கு 120 அடிப்பு என்று வைத்தால் விநாடிக்கு 48 துடிப்பு ஓடும். இனி நம் வாசகர்கள் விரலை மடக்கிப் பார்க்கலாம். 24-ஐ நான்காகப் பிரித்தால் ஆறு, ஆறு. சதுஸ்ர நடை சரியாக அமையும். மூன்றாகப் பிரித்தால் எட்டு, எட்டு, திஸ்ரமும் அமையும். கண்டத்திற்கு ஐந்தால் வகுத்தால் மிச்சம் விழுகிறது, மிஸ்ரமும் அப்படியே. கண்டமும் மிஸ்ரமும் அக்கம்பியில் நேராக ஏறுவதில்லை. இக்கணக்கை இயற்றியவர்கள் நம் மிருதங்க வித்வான்களுடன் ஒரு மாலை அமர்ந்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

சங்கீத அன்பர்களின் மனக்குறை வேறு. தப்லாவை நிறுத்திவிட்டு அவ்விடத்தில் பெட்டியை வைத்ததே சிங்கின் தட்டு. திரை இசையிலும் அன்று வாத்தியக்காரர் பலர் கூடி வாசித்ததைப் பிற்பாடு இயந்திரமே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. பிழைப்பிழந்தவர் வருத்தம் பொய்யன்று. பாடகர் மூச்செடுக்கக் காத்திருக்கும் மிருதங்கத்தின் தயவு எந்தக் கடிகாரத்திற்கும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தட்டில் தாளம் இம்மியும் அசையவில்லை. அதன்மேல் சிங்கின் விரல்கள் வழுக்கிச் சென்று ஸ்வரத்தைத் தேடுகின்றன, தாமதிக்கின்றன, முந்துகின்றன. அசையாத ஒன்று கீழே இருப்பதனால்தான் அந்த அசைவு நம் செவிக்குத் தெரிகிறது. ஊர்விட்டு வந்து, பக்கவாத்தியத்திற்கு ஆள் அகப்படாமல் பாட்டையே விட்டுவிட்ட நம் வீட்டுப் பெண்மணிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது மிருதங்கத்திற்கு ஈடாகாது, ஒன்றுமில்லாமைக்கு மேல்.

பத்து நாள் கழித்துப் பையன் மீண்டும் பெட்டிகளைப் பரப்பினான். இம்முறை கடிகாரத்தை ஐந்து மடங்கு வேகமாக ஓடவிட்டு, அதை அப்படியே ஸீக்வென்ஸருக்கும், ஐந்தால் வகுக்கும் பகுதி வழியாகத் தாளப்பெட்டிக்கும் கொடுத்திருந்தான். அடிப்பு ஒன்றுக்கு ஐந்து ஸ்வரம். கண்ட நடை பிசகின்றி வந்தது. ரீஸெட் கம்பியையும் மறக்கவில்லை. மாமி சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார். "சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் நிதானமா வைடா, வாய் வலிக்கும்" என்றார். அவன் குமிழை இடப்பக்கம் சிறிது திருகினான்.