விளையாட்டுக்கு ஏற்ற மெட்டு

என் பேரன் இரண்டு மாதம் உழைத்து, கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு ரயில் விளையாட்டு தயாரித்தான். பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டு! "உரிமைக்காரர் கேட்டால் மொத்தத்தையும் எடுக்க வேண்டிவரும், கண்ணா" என்றேன். "தியாகராஜர் கீர்த்தனை போடலாமா, தாத்தா?" என்றான். நியாயமான கேள்விதான்.

நம் நாட்டுச் சட்டப்படி, இசையமைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை மெட்டுக்கு உரிமை உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவர் மெட்டு எல்லோருக்கும் பொது. ஆனால் அதை ஒரு வித்வான் பாடி வெளிவந்த ஒலிப்பதிவுக்குத் தனியே 60 ஆண்டு உரிமை. ஆக, மெட்டை எடுக்கலாம், பதிவை எடுக்கக்கூடாது. நாமே வாசித்துக்கொள்ள வேண்டும். 1989-இல் கேம்பாயில் வந்த டெட்ரிஸில் ஒலித்ததும் பழைய ரஷ்ய நாட்டுப்பாடல் மெட்டுதான்.

கீர்த்தனை இதற்கு நீளம், கமகமும் அதிகம். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைச் சொன்னேன். ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளில் அமைந்தவை. சிறியவை, நேரான ஸ்வரங்கள். பேத்தி கீபோர்டில் வாசித்தாள்.

விளையாட்டில் மெட்டு திரும்பத் திரும்பச் சுற்றும். முடிவும் தொடக்கமும் சேருமிடத்தில் இம்மி இடைவெளி இருந்தாலும், தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் காதில் தட்டும். அதை வெட்டிச் சரிசெய்யவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.